பன்னிரண்டாவது ஆள்

மார்ச் 3

வாலுக்கு,

இரண்டு வருடம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தால் யாரோ படுத்துவிட்டார்கள் என்று நினைப்பாய். யாருக்கும் ஒன்றுமில்லை. சித்தி நன்றாகத்தான் இருக்கிறாள். உன் முகவரியைக் கொடுத்ததே அவள்தான். போனில் பேசலாம் என்றால், கடைசியாகப் பேசியபோது நீ பாதியில் வைத்தாய், அதற்கு முந்தின தடவை நான் வைத்தேன். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளியியலில் ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதுகிறேன். கருதுகோள் சோதனை மட்டும். ரொட்டி எடை, பேருந்து நேரம், கடை வியாபாரம் என்று அன்றாடக் கணக்குகள். கூட வேலை பார்ப்பவர்களிடம் கொடுத்தால் பிரிக்காமலே "பிரமாதம் மேடம்" என்கிறார்கள். எனக்குப் படித்துவிட்டுத் திட்டுகிற ஆள் வேண்டும். நீ என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னைத் திட்டியவள். அப்புறம் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு லாரி டிரைவரை... சரி, அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். முதலில், "எதுவும் மாறவில்லை, நடந்ததெல்லாம் தற்செயல்" என்று வைத்துக்கொள். அதுதான் இன்மைக் கருதுகோள். அது உண்மையானால், கையில் இருக்கும் எண்கள் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று பார். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே போனால் அந்தக் கருதுகோளைத் தூக்கி எறி. போகவில்லை என்றால் எறியாதே. உலகத்தில் பாதிச் சண்டை இந்த ஒழுங்கு இல்லாததால்தான் வருகிறது.

மூன்று கணக்கு வைத்திருக்கிறேன். விடைகள் கடைசித் தாளில். உன்னை எனக்குத் தெரியும், முதலில் அதைத்தான் பார்ப்பாய்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

முதலில் விடையைத்தான் பார்த்தேன். பார்த்ததில் ஒன்று தப்பு.

ரொட்டிக் கணக்கை எடு. உறையில் நானூறு கிராம் என்று போட்டிருக்கிறது. பதினாறு ரொட்டியை நிறுத்ததில் சராசரி 394, திட்டவிலக்கம் 12. நீ இரண்டு பக்கமும் பார்த்து, கூடவும் இருக்கலாம் குறையவும் இருக்கலாம் என்று சோதித்து, "நிராகரிக்க முடியாது" என்று கடைக்காரருக்கு நற்சான்று கொடுத்துவிட்டாய். ரொட்டி கனமாக இருந்தால் எவள் சண்டைக்குப் போவாள்? வாங்குகிறவளுக்குக் குறைவது ஒன்றுதான் கவலை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் சோதித்தால் கடைக்காரர் மாட்டிக்கொள்கிறார். அதே பதினாறு ரொட்டிதான், யார் கேட்கிறார்கள் என்பதில் விடை மாறுகிறது. மற்ற இரண்டும் சரி. பேருந்துக் கணக்கு படிக்கும்போதே கொட்டாவி வந்தது.

என் வீட்டுக்காரர் உன் விசாரிப்பைக் கேட்டுவிட்டு, "உங்கக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

இப்போது நான் ஒரு கணக்கு தருகிறேன். சித்தி சொல்லியிருப்பாள், ரேடியோவுக்கும் கடிகாரத்துக்கும் சர்க்யூட் அட்டை செய்கிற தொழிற்சாலையில் இருக்கிறேன். எனக்குக் கழுவும் அறை. அட்டைகளைக் கம்பிக் கூடையில் அடுக்கித் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். தொட்டியில் இருப்பதை நாங்கள் மருந்து என்போம். எடுத்த மாத்திரத்தில் அட்டை காய்ந்துவிடும். பழைய மருந்து மூக்கைத் துளைக்கும். போன வருடத்திலிருந்து புதுசு. பழுத்த பழம் மாதிரி மணக்கும், அதனால் நல்லது என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம். அட்டையில் தூசி விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். கையுறை உண்டு. கட்டைவிரலில் ஓட்டையும் உண்டு.

புது மருந்து வந்த பிறகு இந்த அறையில் பதினோரு பேருக்குப் பிள்ளை உண்டாயிற்று. அதில் நான்கு பேருக்குக் கலைந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "பொம்பளைங்க உடம்புன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்மா. மருந்து என்ன பண்ணும்?" என்றார். எல்லாம் தற்செயல் என்கிறார். உன் இன்மைக் கருதுகோள் சூட்டும் டையும் போடாமல் எங்கள் அறைக்குள்ளேயே நிற்கிறது.

பன்னிரண்டாவதாக ஒருத்தி இருக்கிறாள். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வாய் திறந்தால் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே தொட்டி கிடையாது, மருந்து கிடையாது. ஆனால் அங்கே போனவர்கள் எல்லாரும் தற்காலிகம்தான், எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம். இங்கேயே இருந்தால் ஜூனில் நிரந்தரம். போகட்டுமா, இருக்கட்டுமா என்று தவிக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

சீக்கிரம் எழுது. மற்றக் கணக்குகளுக்குப் பரீட்சை வரை நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

வாலு


மார்ச் 29

வாலுக்கு,

ரொட்டிக் கணக்கில் நீ சொன்னது சரி. திருத்திவிட்டேன். படிப்பை விட்டதற்கு உன்னை இன்னொரு தடவை திட்டத் தோன்றியது, திட்டவில்லை என்று குறித்துக்கொள்.

உன் கணக்கு அருமையான கணக்கு. இத்தனை வருடம் பல்பும் பிஸ்கட்டும் வைத்து மாரடிக்கிறேன், இப்படி ஒன்று எனக்குத் தோன்றவில்லையே. பெயர் இடம் எதுவும் இல்லாமல் ஏழாவது அத்தியாயத்தில் சேர்க்கலாமா?

போட்டுப் பார்த்தேன். எந்தக் காரணமும் இல்லாமலே நூற்றில் பதினைந்து கர்ப்பம் கலையும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாக்டரிடம் கேட்டுத்தான் இந்த எண்ணை எடுத்தேன். அப்படியானால் பதினொன்றில் நான்கோ அதற்கு மேலோ தற்செயலாகவே கலைவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு ஏழு. ஐந்துக்குக் கீழே போகவில்லை. ஆகவே நிராகரிக்க முடியாது. இதை வைத்துக்கொண்டு மருந்தைக் குற்றம் சொல்ல இயலாது. பார்த்தால் பயமாக இருக்கும் எண்தான், ஆனால் மாதிரி சின்னது. சின்ன மாதிரி எல்லாரையும் ஏமாற்றும்.

பன்னிரண்டாவது ஆளை இப்போது கணக்கில் சேர்க்க முடியாது. அவள் முடிவு தெரிய வேண்டும். தெரிந்ததும் எழுது, மறுபடி போட்டுப் பார்க்கலாம். எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிற கணக்கு இது, இன்னும் ஒரே ஒரு தகவல் கிடைத்தால் பளிச்சென்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடும்.

அவள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். ஏழு சதவீதத்தைப் பார்த்து மிரண்டு நிரந்தர வேலையை விடச் சொல்வது நியாயமில்லை. ஆனால் ஒன்று: ஆதாரம் போதாது என்றால் ஆபத்து இல்லை என்று பொருள் அல்ல. இதை எல்லா வகுப்பிலும் சொல்கிறேன், யார் காதிலும் ஏறுவதில்லை.

கையுறையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு மேடை உண்டு, அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கலைந்துபோன நான்கு பேரில் மூன்று பேர் இருந்தார்கள். நான்காவது ஆள் அதற்கு அப்புறம் வேலைக்கு வரவே இல்லை.

"ஏழு" என்றதும், கண்ணாடி என்று நாங்கள் கூப்பிடுகிறவள், "ஏழுன்னா கம்மிதானே? அப்ப தற்செயல் இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றாள். அஞ்சுக்குக் கீழே வரணும் என்றேன். "அஞ்சுன்னு யாரு முடிவு பண்ணது?" என்றாள். உன் வகுப்பில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அன்றைக்கு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

கடைசியில் ஆபத்து இல்லை என்று பொருள் அல்ல என்று எழுதியிருந்தாயே, அதையும் படித்தேன். நெட்டை கேட்டாள். நெட்டை எங்களில் சின்னவள், போன மாதம்தான் கல்யாணமானது. "அப்ப உங்கக்கா என்னதான்க்கா சொல்றாங்க? இருக்கலாமா, போகணுமா?" இருக்கலாம் என்று சொல்கிறாள் என்றேன். வேறு எப்படிச் சொல்ல? மழுப்பின வரியை ஒருத்தி வயிற்றில் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நிற்க முடியாது. ஒன்று நிற்க வேண்டும், இல்லை போக வேண்டும். பன்னிரண்டாவது ஆள் நிற்கிறாள்.

பழைய நோட்டு எதுவும் என்னிடம் இல்லை, ஆனால் இரண்டு வகைப் பிழை என்று நீ நடத்தியது ஞாபகம் இருக்கிறது. மருந்து நல்லதாக இருக்கும்போது கெட்டது என்று சொல்லிவிட்டால் முதல் வகை. மருந்து கெட்டதாக இருக்கும்போது நல்லது என்று விட்டுவிட்டால் இரண்டாம் வகை. முதல் வகை நடந்தால் கம்பெனிக்குக் கஷ்டம். இரண்டாம் வகை நடந்தால் எங்களுக்கு. நீ அஞ்சு சதவீதம் என்று கோடு கிழித்தது கம்பெனிக்கு நடக்கிற பிழைக்கு. எங்களுக்கு நடக்கிற பிழை எத்தனை சதவீதம் என்று போட்டாயா? ரொட்டி வாங்குகிறவள் பக்கம் நின்று பார் என்று சொன்னால் உடனே புரிகிறது உனக்கு. இதில் மட்டும் ஏன் கடைக்காரர் பக்கமே நிற்கிறாய்?

கையுறை கேட்டோம். வாங்கித் தருகிறோம் என்றார்கள், ஆகாசத்தில் கோட்டை கட்டுகிற குரலில்.

இன்னொன்று. அந்தப் பன்னிரண்டாவது ஆள் யார் என்று நீ கேட்கவே இல்லை. எவ்வளவு பெரிய கடிதம், ஒரு வரி கூட இல்லை. உன் புத்தகத்தில் எந்த அத்தியாயம் என்று மட்டும் வந்திருந்தது. எடுத்துக்கொள், சேர்த்துக்கொள்.

வாலு


மே 9

வாலு,

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்விட்டு நேற்றுதான் வீடு திரும்பினேன். உன் கடிதம் கதவுக்கடியில் கிடந்தது. நின்றுகொண்டே படித்தேன், இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை.

நீதானே? வளைக்காமல் சொல். அந்தப் பன்னிரண்டாவது ஆள் நீதானே?

உன் பழைய எண்ணுக்கு அடித்தால் யாரோ ஓர் ஆள் எடுத்து ராங் நம்பர் என்கிறான். சித்திக்கும் உன் புது எண் தெரியவில்லை. அதனால் இதைக் கூரியரில் போடுகிறேன்.

நீயாக இருந்தால், கையில் இருக்கிற கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்த அறையை விட்டு வெளியே வா. நிரந்தரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பெட்டி கட்டு, இல்லை என் வீட்டுக்கு வா, மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. அவரையும் கூட்டிக்கொண்டு வா. லாரியை வாசலில் நிறுத்தட்டும், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஏழு சதவீதமாம் ஏழு சதவீதம்! அந்தத் தொட்டிக்கு முன்னால் எவளாவது வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பாளா?

எழுதின பிறகு மேலே இருக்கும் வரியைத் திரும்பப் படித்தேன். அடித்துவிடத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

பிழையைப் பற்றி நீ கேட்டதற்கு அப்புறம் பதில் எழுதுகிறேன். கேள்வி சரியானதுதான். முதலில் வெளியே வா.

அக்கா


மே 24

அக்கா,

உன் கூரியர் வந்த அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பிரிக்காமல் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தார். இரண்டு நாள் அப்படியே கிடந்தது.

முடிவு தெரிந்துவிட்டது. கணக்கில் சேர்த்துக்கொள். பன்னிரண்டில் ஐந்து.

நானே போட்டேன். படுத்துக்கொண்டே போட்டேன், வேறு வேலை இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடம் கால்குலேட்டர் இருக்கிற போன் இருந்தது. நூற்றுக்கு 2.4 வருகிறது. ஐந்துக்குக் கீழே. நிராகரிக்கலாம். தற்செயல் இல்லை, மருந்துதான் காரணம் என்று இப்போது நீ தைரியமாக எழுதலாம்.

இன்னும் ஒரே ஒரு தகவல் கிடைத்தால் போதும் என்றாய். கொடுத்துவிட்டேன்.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. போடவில்லை என்றும் சொல்லமாட்டேன். நீ முதல் பதிலிலேயே "போ" என்றிருந்தால் போயிருப்பேன். நீ சொல்வதைக் கேட்கக் கூடாது என்றுதான் கல்யாணம் செய்தேன், நீ சொல்வதைக் கேட்டுத்தான் நின்றேன். என் தலையெழுத்தைப் பார்.

நான்காவது மாதம். பெண். கேட்கக் கூடாது என்றிருந்தேன், நர்ஸ் தானாகவே சொல்லிவிட்டாள். அவர் வண்டி ஓட்டப் போகவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இன்மைக் கருதுகோளை எல்லாரும் எனக்கே வந்து சொல்கிறார்கள்.

வாலு


ஜூன் 1

வாலு,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். வகுப்புக்குப் போகவில்லை.

சமாதானம் சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மார்ச்சில் யாரோ ஒருத்தி என்று நினைத்தபோது, நிற்கலாம் என்றேன். மே மாதம் நீ என்று தோன்றியதும், கூடையைக் கீழே வை என்றேன். இடையில் எந்த எண்ணும் மாறவில்லை. அதே பதினொன்று, அதே நான்கு, அதே ஏழு சதவீதம். கணக்கை நான் தப்பாகப் போடவில்லை, இப்போது போட்டாலும் அதே விடைதான் வரும். அவள் யாரோ என்பதால் அந்த விடை எனக்குப் போதுமானதாக இருந்தது.

நீ கேட்டாயே, உங்களுக்கு நடக்கிற பிழை எத்தனை சதவீதம் என்று. அதையும் போட்டேன். மருந்து உண்மையிலேயே கெடுதியாக இருந்து, கலைவது இரண்டு மடங்காகவே ஆகியிருந்தாலும், பதினோரு பேரை வைத்துச் செய்கிற சோதனை அதைக் கண்டுபிடிக்காமல் விடத்தான் அதிக வாய்ப்பு. பிடிப்பதைவிட விடுவது அதிகம். இது மார்ச்சிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போட ஐந்து நிமிடம் ஆகாது. போடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டேன். உங்கள் நிர்வாகத்துக்கு, என் பெயர், கல்லூரி, பதவி எல்லாம் போட்டு, பன்னிரண்டில் ஐந்து என்ற கணக்கை விளக்கி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் என்று தெரியும். வாலையாவது பிடிக்கிறேன்.

நான் வரட்டுமா? வரக் கூடாது என்றால் வரமாட்டேன். ஆனால் வரட்டுமா?

அக்கா


ஜூன் 14

அக்கா,

உன் கடிதம் மேனேஜர் வரைக்கும் போயிருக்கிறது. என்னைக் கூப்பிட்டார். ஏசி அறை, நாற்காலி, தண்ணீர் எல்லாம் கொடுத்தார். படித்த மனிதர். "உங்கக்கா பெரிய படிப்பு படிச்சவங்க. அவங்களுக்கே தெரியும், பன்னெண்டு பேரை வச்செல்லாம் ஒண்ணும் சொல்ல முடியாது. மாதிரி ரொம்பச் சின்னதும்மா. அதுவும் கேக்குறவங்களே அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரா இருந்தா எப்படி?" என்றார். உன் குரலிலேயே பேசுகிறார். இன்னும் கொஞ்ச காலம் பார்க்கலாம், எண்கள் சேரட்டும், அப்புறம் ஒரு நிபுணரைக் கூப்பிட்டு முடிவு செய்யலாம் என்றார். வெளியே வரும்போது நிரந்தர உத்தரவைக் கையில் கொடுத்து வாழ்த்தும் சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

எண்கள் சேரட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தச் சிமெண்டு மேடையில் உட்கார்ந்து எல்லாருக்கும் சொன்னேன். நெட்டை என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளுக்கு இரண்டு மாதமாம். பதிமூன்றாவது ஆள்.

இந்தத் தடவை யாருக்கும் கடிதம் எழுதி விடை கேட்கவில்லை. மறுநாள் காலையில் மணி அடித்ததும் கழுவும் அறை வாசலில் எல்லாரும் நின்றோம், உள்ளே போகவில்லை. சூப்பர்வைசர் கத்தினார், கெஞ்சினார், போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். மத்தியானம் வரைக்கும் நின்றோம். மருந்தை மாற்றச் சொன்னோம், மாட்டேன் என்றார்கள். விசிறியைப் போடச் சொன்னோம், அதற்கும் இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். நெட்டையைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றலாம், தற்காலிகம் ஆக்கமாட்டோம், ஆனால் தொட்டியில் அவள் இடத்துக்கு இன்னோர் ஆள் வேண்டும்.

நான் போய் நின்றேன். வீட்டில் ஓய்வெடு என்று டாக்டர் சொன்ன நாள் இன்னும் முடியவில்லை. என் வீட்டுக்காரர் கத்தினார். எனக்கு இப்போது வயிற்றில் ஒன்றும் இல்லையே, நான் நின்றால் என்ன என்றேன்.

வருவதானால் வா. உன்னைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று தெரியாது, கதவைச் சாத்தினாலும் சாத்துவேன். அப்போது வாசலிலேயே உட்கார்ந்திரு. அவர் காபி கொண்டுவந்து தருவார்.

ஒரு விஷயம் மட்டும் உனக்கும் மேனேஜருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இனி எங்கள் அறையில் எவளுக்கு உண்டானாலும் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவோம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதனால் உன் கணக்கு இதற்கு மேல் வளராது. பன்னிரண்டோடு நிற்கும். மாதிரி சின்னது என்று யாராவது சொன்னால், ஆமாம், சின்னதுதான் என்று சொல்.

வாலு